ம, கொ

கொட்பேயில் ஒரு மவுஸ் மூன்று மாதம் தாங்காது.
உப்புக் காற்று முதலில் இடது பொத்தானைத் தின்னும்,
பிறகு சக்கரத்தை.
ஐந்தாவதைக் கேட்கப் போனபோது லாபிர் முதலாளி
"உமக்குப் பத்து விரல் கிடக்குத்தானே" என்றார்.

கிடந்தது.
அன்றிரவே இறக்கினேன். இலவசம்.
மூலநிரல் முழுவதும் திறந்தபடி:
யாரும் உள்ளே போகலாம், கழற்றலாம்,
திருப்பிப் பூட்டத் தெரிந்தால்.

இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால்
திரை நடுவே ஒற்றை வரி திறக்கும்.
படமில்லை, பட்டியலில்லை,
என்ன வேணும் என்றுகூடக் கேளாது.
ஐ என்றால் ஐஸ் பில்.
டீ என்றால் டீசல் புத்தகம்.
வா என்றால் வானிலை: மூதூர்ப் பக்கம் மழை.
விடியப்புறம் மூன்று மணிக்கு
ஐஸ் அரைக்கும் மெஷின் முன்னால் பெட்டியோடு நிற்பவர்களுக்கு
என்னைத் திட்ட நேரம் கிடைக்காமல் போயிற்று.
அது அவர்களுக்கு ஒரு குறைதான்.

கொ மட்டும் சரிவரவில்லை.
கொம்பையும் காலையும் தூசியென்று துடைத்துவிட்டு
வெறும் க-வோடு தேடப் போகும்.
மரிய கொறற்றியைக் கேட்டால்
மண்ணெண்ணெய்க் கணக்கு வந்து நிற்கும்.
இரண்டு இரவு உள்ளே கிடந்து திருத்தி
ஓஸ்லோவில் அதைப் பராமரிக்கிறவனுக்கு அனுப்பினேன்.
சேர்த்துக்கொண்டான்.
கொம்பைப் பற்றி அவனுக்கு நான்தான் விளக்கவேண்டியிருந்தது.

மரிய கொறற்றி
பங்குனி நடுவில் எண்பது கட்டி ஐஸ் ஏற்றிப் போனது,
கடனுக்கு. நாலு பேர்.
பிறகு ரேடியோவில் இல்லை.
நேவி தேடியது, நிறுத்தியது.
பிலேந்திரனின் மனைவி திலகறாணி
வெள்ளிக்கிழமை தோறும் கேற்றடிக்கு வந்தாள்,
பிறகு மாதத்தில் ஒருநாள்,
பிறகு போன் மட்டும்.

என் விரலுக்கு அடியிலும் அது நடந்தது.
திறப்பதை எண்ணிவைக்கும் அந்த நிரல்;
திறக்காததைத் தினமும் கொஞ்சம் இறக்கும்.
முதல் வரியில் இருந்த பெயர் மூன்றாவதானது,
ஏழாவதானது,
ஒருநாள் அம்புக்குறியால் கீழே கீழே போய்த்
தேடவேண்டியிருந்தது.
வன்மமில்லை அதற்கு.
வெறும் பெருக்கல்: பூச்சியம் தசம் ஒன்பது.

நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு.
"அறவிடமுடியாக் கடனில போட்டுவிடும்" என்றார் முதலாளி.
நாளைக்கு என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன்.

அந்தக் கிழமை, பகலில்,
உவர்மலை வீட்டில் வேலிக்கு வெளியே மான் ஒன்று
சீமெந்துப் பையை மென்றுகொண்டு நிற்க,
நிரலைத் திறந்து ஒரு வரி எழுதினேன்:
இந்தப் பெயருக்கு மட்டும்
பூச்சியம் தசம் ஒன்பது அல்ல,
ஒன்று.
எத்தனை நாள் பெருக்கினாலும் ஒன்று.

அதையும் ஓஸ்லோவுக்கு அனுப்பினேன், ஏனென்று தெரியாமல்.
இது யாருக்குப் பயன்படும், என்று கேட்டான்.
நீளமாக ஒரு பதில் தட்டி, அழித்து,
ஒரு படகுக்கு, என்று மட்டும் எழுதினேன்.
மரியாதையாக மறுத்துவிட்டான்.
மறுக்கட்டும். திறந்த நிரல்தானே,
என் பிரதி என்னோடு.

மாசி. மூன்று இருபது.
மெஷின் இரைச்சலுக்குள் ஜன்னலில் ஒரு தாடி.
இயந்திரம் செத்து, பர்மாக் கரையில் ஒதுங்கி,
பதினொரு மாதம் உள்ளே இருந்து,
நாலு பேரும் விமானத்தில் வந்த கதை
பிறகுதான் தெரியும்.
அப்போது பிலேந்திரன் கேட்டது இதுதான்:
"தம்பி, எங்கட கணக்கு இன்னும் கிடக்கோ?"

ம.
கொ அடிக்கத் தேவைப்படவில்லை.

"மேலதான் கிடக்கண்ணை,
பழைய பாக்கியோட.
ஐஸ் எத்தினை கட்டி?"