பதினோரு வரி

குட்டைசியில் மழை.
கோட்டு மாட்டும் இடத்தில் நனைந்த கம்பளி வாடை,
நாற்பத்து நான்கு வருடமாக அதே வாடை.
நான்தான் கீழே இறங்கிவிட்டேன்.
அன்று மேல்மாடத்தில் நின்றுகொண்டு,
இன்று ஓய்வூதியச் சலுகையில் நான்காவது வரிசை.

அதே நாடகம்.
ஊரில் பாதிப் பேருக்கு மனப்பாடம்.
அடமானத்தில் மூழ்கிக்கொண்டிருக்கும் வீடு,
அந்த வீட்டில் ஒரு விருந்து,
கொம்புக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி அப்பா:
"கணக்குப் பார்த்த கையால்
விருந்தாளிக்கு ரொட்டி பிட்டுத் தர முடியாது!"
கூரை அதிரும்.

பத்தொன்பது வயதில் அந்த வரிக்காகவே ஐந்து முறை போனேன்.
ஆறாவது முறை போகவில்லை;
அந்த வரியைச் சொல்லித் திரிந்தவனையே கட்டிக்கொண்டேன்.

நுக்ஸார் நின்றால் மேசை நிற்கும்.
தெருவில் போகிறவனைப் பேர் கேட்காமல் உட்கார வைப்பான்.
வாழ்த்துச் சொல்லிச் சொல்லி
அவன் குரல் உடைந்த ராத்திரிகளில்
வால்நட் உடைத்து உடைத்து
என் நகக்கண் கறுத்துக் கிடந்தது.
அப்போது அது எனக்குப் பெருமை. பொய் சொல்லவில்லை.

இன்று இரண்டாம் அங்கத்தில்
கடன்காரர் உள்ளே வந்ததும்
அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன்.
ஈரம்.
மலைப்பாதையில் நடந்து வந்திருக்கிறார் என்று
யாரோ ஒரு வரி சொல்கிறார்கள்; அது இத்தனை நாளாக
என் காதில் விழவே இல்லை.
மேசையில் பன்னிரண்டு நாற்காலி, ஒன்று காலி.
உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.
மூன்று முறை வருகிறார், மூன்று முறையும் நின்றபடியே.
அவருக்கு மொத்தம் பதினோரு வரி. விரல்விட்டு எண்ணினேன்.
அதில் நான்கு, "மன்னிக்க வேண்டும்."

(அன்று மகனாக வந்து எங்களைக் கிறங்கடித்த வாஜாதான்
இன்று கடன்காரர். வழுக்கை. லேசாக மூச்சு வாங்குகிறது.)

நுக்ஸாருக்கு நாற்பதாம் நாள் கழிந்து ஒரு வாரம்.
தெர்ஜோலாவிலிருந்து தெங்கிஸ் வந்தார்,
திராட்சை மது கொடுத்தவர், இரண்டு வருடத்துப் பாக்கி.
லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி.
கதவுச் சங்கிலியை எடுக்காமலே
அந்த இடுக்கு வழியாக அவரிடம்
கணக்குப் பார்த்த கை, விருந்தாளி, ரொட்டி,
எல்லாவற்றையும் சொன்னேன்.
நன்றாகவே சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.
"நானும் பார்த்திருக்கிறேன் அம்மா," என்றார்.
"மேல்மாடத்தில் நின்றுதான். நல்ல நாடகம்."
பிறகு படியிறங்கும் சத்தம்,
ஒவ்வொரு தளத்திலும் கொஞ்சம் நின்று நின்று.

இதோ, மேடையில் கொம்பு உயர்கிறது.
நடிகன் வாய் திறக்கும் முன்பே என் உதடு முந்திக்கொள்கிறது.
என்ன செய்ய, இன்னும் அழகாகத்தான் இருக்கிறது அந்த வரி.
கூரை அதிர்கிறது. தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

திரை விழுந்து, எழுந்து, எல்லோரும் குனிந்து வணங்கி,
கடைசியில், ஓரத்தில், வாஜா.
அவர் நின்ற இடங்களிலெல்லாம் பலகையில் ஈரத்தடம்,
கதவிலிருந்து மேசைவரை,
மேசையிலிருந்து கதவுவரை.

வெளியே மழை விட்டபாடில்லை.
தெர்ஜோலாவுக்கு வண்டி உண்டா என்று
டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன்.
கடைசி வண்டி போய்விட்டதாம்.
காலை ஏழேகாலுக்கு ஒன்று இருக்கிறதாம்.