ஒரு காதை மட்டும் அடைத்துக்கொள்

ஆபிதா, ஞாயிற்றுக்கிழமை நீ வருகிறாய் என்று
நாகூர்கனி சொன்னான்.
சொல்லிவிட்டு
இறுக்கி முடித்த நட்டையே மறுபடி இறுக்கினான்.

ஆறு வருஷமாய் வராதவள் இப்போது ஏன் என்று
நான் கேட்கவில்லை.
என் வேலை கார்புரேட்டர்.

பஸ்ஸில் வந்தால் வெட்டாற்றுப் பாலத்திலேயே இறங்கிவிடு.
'பந்தயத் திடல் இறங்கு' என்று கண்டக்டர் கத்துவார்.
திடல் என்று எதுவும் இல்லை,
உளுந்து எடுத்த வயல், ஒன்றரை வேலி,
வரப்பை வெட்டிச் சமன் செய்தது.
மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால்
நாங்கள் வண்டி திருப்புகிற இடத்தில்
நாற்று நிற்கும்.
அதனால் தள்ளிவைக்கிற பேச்சே கிடையாது.
மழை வந்தாலும் வா.

குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம்.
களிமண் வெடித்துக் கிடக்கிறது,
ஒரு வெடிப்பில் என் பத்தாம் நம்பர் ஸ்பானர்
போன வெள்ளிக்கிழமை போனது போனதுதான்.

காலையில் மேலக்காற்று.
மேற்கு வரப்பில் உட்கார், புழுதி எதிர்ப்பக்கம் போகும்.
மூன்று, மூன்றரைக்குக் கடல்காற்று ஏறும்.
அப்போது சோம்பாமல் எழுந்து கிழக்கே மாறு.
மாறாதவர்கள் பிரியாணியில்
பாதி மண் தின்பார்கள்.

வைக்கோல் உருளைகள் வரிசையாய் இருக்கும்,
உட்கார வாகாய்த்தான் தெரியும்.
அவை அடிபட வைத்தவை.
அதில் உட்கார்ந்தால் நீயும் அதற்கு வைத்தவள்.

சட்டை நிறத்தை நம்பாதே.
இரண்டாம் சுற்றில் எல்லாரும் ஒரே மண் நிறம்.
நம்பரைப் பார். முப்பத்தொன்று.
ஒன்று அழிந்து மூன்று மட்டும் தெரிந்தாலும்
அது அவன்தான், மூன்றாம் நம்பர்க்காரன்
திருத்துறைப்பூண்டிக் கல்யாணத்துக்குப் போகிறான்.

மஞ்சள் கொடி ஆடினால் யாரோ விழுந்திருக்கிறார்கள்.
ஓடாதே.
போன வருஷம் ஒரு மச்சான் குறுக்கே ஓடி
எழுந்து நின்றவனையும் விழவைத்தான்.
உட்கார்ந்த இடத்தில் எண்ணு.
பதினான்கு வண்டி. பதின்மூன்று வந்தால்
இன்னொரு தடவை எண்ணு.

கை அசைக்கலாம். அவன் பார்க்கமாட்டான்.
கோபித்துக்கொள்ளாதே.

இவ்வளவும் சொல்கிறேனே,
பதினோரு வருஷத்தில் ஒரு பந்தயத்தைக்கூட
நான் பார்த்தது கிடையாது.
திரும்பி வருகிறவர்கள் திட்டியதிலிருந்து
பொறுக்கியவை இதெல்லாம்.
தார்ப்பாய்க்குப் பின்னால், பெட்ரோல் கேன் பக்கத்தில்
குந்தியிருப்பேன்.
கேட்பேன்.

அதனால்தான் பஞ்சு கொண்டு வா என்கிறேன்,
ஒரு காதுக்கு மட்டும்.
இன்னொன்று முப்பத்தொன்றுக்கு.
போர்செட் வளைவில் எல்லாரும் முறுக்கை விடுவார்கள்,
சத்தம் மொத்தமாய்ச் சரியும்.
அதற்குப் பின்னும் ஒரே ஒரு வண்டி
ஒரு மூச்சு நேரம் அலறும்.
அந்த ஒரு மூச்சில்தான்
அலமாரியில் இருக்கிற கோப்பை எல்லாம் வாங்கினான்.

இந்த நோன்புப் பெருநாளுக்குப் பிறகு
அந்த மூச்சு இல்லை.
ஒத்திகையில் எல்லாரோடும் சேர்ந்து விடுகிறான்.
சில நாள் அவர்களுக்கும் முன்னால்.
வண்டியைப் பிரித்துப் பார்த்தேன்,
வண்டியில் ஒன்றும் இல்லை.

நீ வருவதாய் எப்போது முடிவானதோ
எனக்குத் தெரியாது.

ஜெயிக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.
உன்னிடம் சொல்லிவிடுவது நல்லது,
வரும் வழியில் இனிப்பு வாங்கிவிடாதே.
வாங்கினாலும் சரி, பையன்கள் தின்பார்கள்.

முடிந்ததும் எல்லா எஞ்சினும் அணையும்.
உன் திறந்த காது கொஞ்ச நேரம் கூவும், பயப்படாதே.
கூட்டம் கலைந்த பிறகு தார்ப்பாய்ப் பக்கம் வா,
அற்புதராஜ் என்றால் காட்டுவார்கள்.

எனக்கு ஒன்று தெரியவேண்டும்.
ஒவ்வொரு வருஷமும் இடது கால்மிதி மட்டும்
பாதி தேய்ந்து வருகிறது.
மதகு வளைவில் அவன் என்ன செய்கிறான் என்று
பார்த்து வந்து சொல்.