பதினைந்தாவது ஆள்

பத்தாம் வகுப்பில் கணக்கு அறுபத்தொன்று.
"தேர்ட் குரூப் எடும்மா" என்றார்கள் அட்மிஷன் மேசையில்.
மூடி கழற்றிய பேனாவும் நீட்டப்பட்டது.
முதல் குரூப்பில் பதினான்கு பேர்தான் என்பதும்
பதினைந்து தேறாவிட்டால் இந்த வருஷம்
அந்தப் பிரிவே கிடையாது என்பதும்
அப்புறம்தான் யாருக்கோ ஞாபகம் வந்தது.
கணக்குக்குள் நான் மூளையாகப் போகவில்லை.
எண்ணிக்கையாகப் போனேன்.

எட்டாவதில் எக்ஸ் ஓர் ஒற்றை ஆள்.
பேனா விலை, அப்பன் வயசு, தண்ணீர்த் தொட்டியின் ஆழம்
எதுவாக வந்தாலும் கண்டுபிடித்ததும் அடங்கிவிடும்.
ஒன்பதாவதில் ஒய்யைக் கூட்டிக்கொண்டு வந்தது.
பத்தாவதில் சாய்வு.
ஒரு நேர்கோட்டுக்கு ஒரே சாய்வு,
எங்கே நின்று பார்த்தாலும் மாறாது
என்று புத்தகம் சொன்னபோது
யோகேஸ்வரியும் நானும் ஜன்னலைப் பார்த்தோம்.
தேவாலாவில் அப்படி ஓர் இடம் காட்டுங்கள்.
ஏழாம் நம்பர் காட்டில் அம்மா
ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றித்தான்
கொழுந்து எடுப்பாள்.
அவளுடைய இரண்டு செருப்பும்
ஒரே மாதிரி தேய்ந்ததில்லை.

பதினொன்றில் ஜூலை முழுக்க மழை.
கரும்பலகை வியர்த்தது, சாக்பீஸ் வழுக்கியது.
சமக்குறியில் ஒரு கோடு கரைந்து கழித்தலாகிவிட,
பாதி வகுப்பு
தப்பான கணக்கைச் சரியாகப் போட்டது.
கணக்கு வாத்தியார் போஸ்ட் காலி.
பிசிக்ஸ் சார் இருபது நிமிஷம் கடன் தருவார்,
மீதிக்கு நாங்களே:
யோகேஸ்வரி வாசிக்க, ஷிஜு எழுத,
"இது எப்படி வந்துச்சு?" என்று நான் கேட்க.
அப்படித் தட்டுத் தடுமாறி ஒரு வியாழக்கிழமை
வளைகோட்டுக்கு ஒவ்வொரு புள்ளியிலும்
தனித்தனிச் சாய்வு
என்ற வரிக்கு வந்து சேர்ந்தோம்.
கொஞ்ச நேரம் தகரத்தில் மழை மட்டும்.
"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல"
என்றான் ஷிஜு.

சார்பு என்பது ஒன்றைப் போட்டால்
ஒன்றைத் திருப்பித் தரும் மிஷின்.
சனிக்கிழமை எடைக்கொட்டகையில் நின்றேன்.
பதினெட்டு போட்டால் பதினாறு.
இருபத்து மூன்று போட்டால் இருபத்தொன்று.
எக்ஸ் கழித்தல் இரண்டு.
சாக்குக்கும் இலை ஈரத்துக்கும் என்றார் கணக்கப்பிள்ளை.
பிப்ரவரியில், மண் வெடித்துக் கிடந்தபோதும்
அதே இரண்டு.
"ஈரம் மாறுது. கழிவு மட்டும் ஏன் மாறல?"
அம்மா என் கையைக் கிள்ளினாள்.
வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள்.
மறுவாரம் ஒன்றரை.

பன்னிரண்டில் பதினொரு பேர் மிச்சம்.
இருவர் திருப்பூருக்கு, ஒருத்திக்குக் கல்யாணம்,
ஒருவன் சும்மா.
இல்லாத எண்ணை இருப்பதாக வைத்துக்கொண்டு
வேலையை முடித்துவிடும் கலப்பெண் எனக்குப் பிடித்தது.
தொகையிடல் பிடிக்கவில்லை.
விடைக்குப் பின்னால் கூட்டல் சி போட
ஒவ்வொரு முறையும் மறந்தேன்.
வகையிட்டபோது அழிந்துபோன மாறிலி அது.
எவ்வளவு என்று இனித் தெரியாது,
இருந்தது என்பதை மட்டும் எழுத வேண்டும்.
மறந்தால் அரை மார்க்.

அப்பாவுக்கு எல்லாத் தாளிலும் பிறந்த தேதி ஜூலை ஒன்று.
கைக்குழந்தையாகக் கப்பலில் வந்து இறங்கியபோது
மண்டபம் முகாமில் யாரோ எழுதிக் கொடுத்தது.

அதன் பிறகு நான் சி போட மறக்கவில்லை.

பொதுத்தேர்வில் எழுபத்து நான்கு.
கூடலூர் கல்லூரி விண்ணப்பத்தில்
பி.எஸ்சி. கணிதம் என்பதற்குக் கீழே
இந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர் என்று
தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம்.
ஓர் ஆள் குறைந்தது என்று எழுதினேன்.
அடித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன்.
பஸ் வந்துவிட்டது.