இரண்டரை

முப்பத்தோரு வருஷம்
என் பெயர் அச்சில் வந்ததில்லை.
‘நமது வேளாண் நிருபர்’ என்று வரும்.
இடம் போதாத நாளில் அதுவும் வராது.

விடியுமுன் மாட்டுத்தாவணி.
பூ மார்க்கெட் ஈரத்தில் செருப்பு வழுக்கும்.
மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி
விலை கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொள்வேன்,
தாள் நனைந்துவிடும் என்பதால்.
அப்புறம் பரவையில் காய்கறி.
பேரணையில் எத்தனை கனஅடி,
மேலூர்க் கடைமடைக்கு எப்போது வரும்.
(வராது. அதை வேறு மாதிரி எழுதவேண்டும்:
‘விவசாயிகள் எதிர்பார்ப்பு’.)

ஒரு ஆயுதபூஜை காலைப் பதிப்பில்
மல்லி மொட்டுப்புழுவுக்கு மருந்து சொல்லியிருந்தேன்.
லிட்டருக்கு 2.5 மில்லி.
அச்சில் புள்ளி இல்லை.
விழுந்ததா, நான் வைக்கவே இல்லையா,
இன்றுவரை தெரியாது.
எழுதிய தாளைத் தேடி எடுத்தேன்.
அந்த வரியின்மேல்
டீ கிளாஸின் வட்டம்.

அன்று மெஷினுக்குச் சந்தனம் வைத்துப்
பொரி தின்றோம்.
மறுநாள் பத்திரிகை இல்லை.
அதற்கடுத்த நாள் ஏழாம் பக்கத்தில்,
கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே,
நாலு வரித் திருத்தம்.
வருந்துகிறோம்.

யார்?

எழுமலைக்குப் பக்கம் அரை ஏக்கர்.
பத்திரிகை இல்லாத அந்த நாளில்தான்,
நல்ல நாளென்று,
விருமாயி மருந்தடித்திருந்தார்.
இலை விளிம்பெல்லாம் கருகல்.
மொட்டைத் தொட்டேன்,
தொட்டது கையோடு வந்தது.

அந்தம்மா திட்டவில்லை.
மண்ணை வாரித் தூற்றவில்லை.
பத்திரிகையைக் கொண்டுவந்து விரித்தார்.
என் வரிக்கு அடியில்
பெரியவன் போட்ட பென்சில் கோடு.
“நாலு வீட்டுக்குப் படிச்சுக் காட்டினான் சார்.
நல்லவேளை,
அவுகளுக்கு மருந்து வாங்கக் காசில்ல.”

சட்டைப்பையில் இரண்டாயிரம் வைத்திருந்தேன்.
எடுக்கவில்லை.
எடுத்திருக்கலாம்.
எடுத்திருந்தால் அந்தம்மா என்ன சொல்லியிருக்கும் என்று
வண்டியில் உசிலம்பட்டி தாண்டும்வரை
வேறு வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன்.

ஐப்பசி முகூர்த்தத்தில்
மல்லி கிலோ ஆயிரத்து எண்ணூறு.
அதையும் நான்தான் எழுதினேன்,
முதலில் கையில்,
பிறகு தாளில்.

அதற்கப்புறம் இருந்த நாலு வருஷம்
மருந்து அளவை எண்ணில் எழுதவில்லை.
இரண்டரை. முக்கால். ஒன்றேகால்.
“ஒரு வரி கூடுது சார்” என்று
பக்கம் கட்டும் ஜேசுவடியான் பல்லைக் கடிப்பார்.
கூடட்டும்.
அஞ்சலியில் ஒரு சொந்தக்காரரைக் குறை.

ஓய்வுபெற்ற அன்று சால்வை, குத்துவிளக்கு,
‘உழவர்களின் தோழன்’ என்று பேச்சு.
மறுநாள் படம் போட்டுக்
கீழே பெயரும் போட்டார்கள்:
வீரணன.

போன மாதம், இரவு பத்து மணி.
விருமாயி.
“சார், சின்னவனுக்குக் காய்ச்சல்.
சிரப்பு ரெண்டரைன்னு கடைக்காரர் சொல்றாரு.
நெசமா ரெண்டரைதானா?”

எனக்கு வைத்தியம் தெரியாதும்மா.

“அதைக் கேக்கல சார். பெரியவன் வேலைக்குப் போயிட்டான்,
டாக்டர் சீட்டை வெளிச்சத்துல பிடிச்சு நிக்கேன்.
ரெண்டு தெரியுது, அஞ்சு தெரியுது.
நடுவுல எறும்பு மாதிரி ஒண்ணு கெடக்கு.”

அதேதான் என்று சொல்ல வாயெடுத்தவன்
நிறுத்தினேன்.

தொட்டுப் பாருங்க.
நகருதா?

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பின்னால் குழந்தை இருமியது.

“நகரல சார்.”