மூன்று பென்சில், ஒரு பிளேடு

பன்னிரண்டு பென்சில் அடுக்கிய தகர டப்பாவைத்தான்
முதலில் எடுத்து வைத்தார் இம்தியாஸ் பாய்.
மூடியில் ஒரு குதிரை பாய்கிறது.
"இத வாங்கினா எல்லாம் வந்துடும்மா."
குதிரையுமா என்றேன்.
சிரிக்கவில்லை. பள்ளி திறந்த இரண்டாம் வாரம்,
பழையபேட்டை முழுக்கப் பிரவுன் அட்டை வாசனை.

"மலை போடப் போறீங்களா? சையத் பாஷா மலை?"
மலை எங்கேயும் போகாது, பாய்.
எனக்குக் கை போட வேண்டும்.

கிருஷ்ணகிரி டோல்கேட், ஏழாம் லேன், ஒன்பது வருடம்.
முகம் பார்க்க அங்கே நேரமில்லை.
கண்ணாடி இறங்கும்,
முழங்கை வரைக்கும் ஓர் ஆள் வெளியே வருவான்.
ரேகைக்குள் கல்தூசி வெளுத்த கிரானைட் கை.
மாங்காய்ப் பால் பட்டுப் பொரிந்த கை.
மருதாணி காயாமல்
இரண்டு நகத்தால் நோட்டைக் கிள்ளித் தந்த கை.
சுண்டுவிரல் இல்லாத ஒன்று,
ஓசூர் பக்கமிருந்து வாரம் இருமுறை,
பத்து ரூபாயை நான்காய் மடித்துத் தரும்.
ஏன் நான்காய் என்று நான் கேட்டதில்லை.

பிறகு கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.
கட்டை தானாக எழுகிறது.
கைகள் ஸ்டியரிங்கோடு நின்றுவிட்டன.

டப்பாவைத் திருப்பித் தள்ளினேன்.
ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்.

பழைய ரசீதின் முதுகில் கிறுக்கிப் பார்த்தேன்.
எச்: தாளைக் கீறுகிறது,
கோபத்தில் பேசுகிறவளைப் போல. வேண்டாம்.
எச்.பி.: கணக்குப் பிள்ளை பென்சில். இருக்கட்டும்,
விரல் எங்கே முடிகிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும்.
இரண்டு பி: உள்ளங்கை.
அழுத்தினால் கறுக்கும், விட்டால் வெளுக்கும்.
ஆறு பி: நகத்தடியில் தங்கும் கிரீஸ்.
அதை வேறெதாலும் போட முடியாது.
நான்கு பி?
நடுவில் இருப்பதை நானே அழுத்திக்கொள்வேன்.
"எட்டு பி இருக்கு, இன்னும் கறுப்பு."
இன்னும் கறுப்பு கரண்ட் போனால் வீட்டிலேயே கிடைக்கிறது,
காசில்லாமல்.

ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர்
தேய்த்த இடத்தில் ரோஸ் நிறம் விட்டுப் போனது.
பிசைகிற ரப்பர் உண்டா?
"அதெல்லாம் பெங்களூர்ல."
சரி, வெள்ளை ரப்பர். மூலையைக் கூராக வெட்டினால்
விரல்முட்டியின் மினுக்கத்துக்குப் போதும்.

ஷார்ப்னர் ஆறு பி-யை மூன்று தரம் உடைத்துத் தின்னும்.
பிளேடு ஒன்று கொடுங்கள் என்றதும்
ஒரு நொடி என் மணிக்கட்டைப் பார்த்தார்.
பென்சில் சீவத்தான், பாய்.
"தெரியும்மா, தெரியும்" என்று
தாளில் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றித் தந்தார்.

சார்ட் பேப்பர் வழுக்கியது.
ஜெராக்ஸ் தாள் ஒரு தப்பைக்கூடத் தாங்காது.
மேல் பரணிலிருந்து ஒரு சுருள்கம்பி நோட்டு இறங்கியது,
அட்டையில் தூசி,
உள்ளே தாள் நாக்கைப் போலச் சொரசொரப்பு.
விரலால் தடவியபோதே
எந்தப் பக்கம் எந்தக் கை என்று ஓடத் தொடங்கிவிட்டது.

நூற்று ஐம்பத்தொன்பது.
இருநூறாய்க் கொடுத்தேன்.
இரண்டு இருபதும் ஒரு ரூபாயும்
எண்ணி நீட்டினார் இம்தியாஸ் பாய்.

வாங்கவில்லை நான்.

ஒன்பது வருடம் மீதி கொடுத்தவள்.
எனக்கு இப்படி நீண்ட கையை
இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று.
கட்டைவிரலில் ஸ்டாம்பு மையின் ஊதா.
நான் கிறுக்கிய கரி கொஞ்சம் அவர் விரலிலும்.
கழற்ற முடியாதபடி சதை ஏறிய வெள்ளி மோதிரம்.
நோட்டின் நுனி காற்றாடிக் காற்றில்
லேசாக அடித்துக்கொள்கிறது.

பின்னால் ஸ்கூல் பையோடு ஒருத்தன்
ஹாரன் அடிக்காத குறையாக,
"அக்கா, நகருங்க."

நகர்கிறேன் தம்பி, ஒரு நிமிஷம்.
நகத்தோரம் ஆறு பி. மற்றதெல்லாம் இரண்டு.
மோதிரத்துக்கு
எச்.பி. போதுமா என்றுதான் தெரியவில்லை.