நோன்பு பதினேழு, பின்குடல்

கீழக்கரையில் வாடகை அறை.
கீழே வலைக்கடை, மேலே என் நுண்ணோக்கி.
மின்விசிறி சுற்றினால் எழுதுமுள் நடுங்குமென்று
அதை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டிருக்கிறேன்.
உள்நாக்கு வரை உப்புக்காற்று.

கரப்பான்களைக் கொண்டுவருவது களஞ்சியம்.
விசைப்படகில் ஐஸ்பெட்டிக்கு அடியில் பிடித்து
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு
மூடியில் ஆணியால் துளையிட்டு.
"ஒண்ணு ரெண்டு ரூவாதான் மேடம், எறாலுக்கு இது சல்லிசு."
செலவுச் சீட்டில் 'உயிரிப் பொருள்' என்று எழுதுவேன்.

தலையை எடுத்துவிட்டு
முதுகுத் தகட்டை ஓரம் வெட்டித் திறந்தால்
வெள்ளிச் சரிகையாய் மூச்சுக்குழல்கள்,
அவற்றுக்குள் சுருண்டபடி குடல்.
பின்குடலை மட்டும் நறுக்கி
உப்புக்கரைசலில் தொங்கவிடுகிறேன்.
ஒரு முனை மெழுகில்.
மறுமுனையில் என் தலைமுடி.
பட்டுநூல் ஊறிக் கனக்கிறது, நைலான் வழுக்குகிறது,
முக்காட்டுக்குள் கைவிட்டு ஒன்றைப் பிடுங்குவதுதான் வசதி.

அது சும்மா இருப்பதில்லை.
வாய் குப்பைக்கூடையில் கிடக்கிறது,
கழிக்க ஒன்றுமில்லை,
ஆனாலும் பத்து நொடிக்கொரு தரம்
ஒரு சுருக்கம். முள் ஏறி இறங்கும்.

முதல் சொட்டு: புரோக்டோலின்.
ஆர்ஜினின், டைரோசின், லூசின், புரோலின், திரியோனின்.
முப்பத்துமூன்று வேண்டாம்,
ஐந்தே மணி கோத்த தஸ்பீஹ்.
இதை முதன்முதலில் பிரித்தெடுக்க
ஒன்றேகால் லட்சம் கரப்பான்களை அரைத்தார்களாம்,
எங்கோ குளிர்நாட்டில்.
கிடைத்ததோ
பொடியுப்பில் இரண்டு மூன்று பரல் எடை.

முள் எகிறியது.
சோழகம் கிளம்பிய நாளின் கரைபோல்
அலைமேல் அலையாகத் தாள் நிறைந்தது.

பாட்டிலைத் திரும்ப வாங்க வந்த களஞ்சியம்
வாசலிலேயே நின்றுவிட்டார்.
"பசிக்குதா அதுக்கு?"
"பசிக்கத் தலை வேணுமே."
"அப்ப எதுக்கு இந்தப் பாடு?"
நரம்பின் நுனி ஒரு துளியைக் கசியவிடும்,
தசை அதைப் படித்துக்கொள்ளும்,
அனுப்பியது யாரென்று கேட்காது என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"எங்க ஓனரு மாதிரி.
கொச்சியில இருக்காரு, மொகம் பாத்ததில்ல.
போன் அடிச்சா படகு எடுப்போம்."

"எடுக்காதேன்னு போன் வந்தா?"
கேட்டுக்கொண்டே இரண்டாம் சொட்டை விட்டேன்:
மயோசப்ரசின். பத்து மணி.
முள் தாழ்ந்தது, தயங்கியது,
பிறகு கோடு. வெறும் கோடு.
பாம்பன் பக்கம் காற்றே இல்லாத விடிகாலையில்
பாசி தெரியக் கிடக்குமே கடல், அப்படி.
"தடைக்காலம்," என்றார் களஞ்சியம்.
"இன்னும் ஆறு நாள்தான் இருக்கு."
அவர் சிரிக்கவில்லை.

புதுக் கரைசல் ஊற்றிக் கழுவினேன். ஒருமுறை, இன்னொருமுறை.
நாலு நிமிடம் கழித்து
சின்னதாக ஒரு மேடு. அப்புறம் ஒன்று.
எண்ணிக்கொண்டிருந்ததில் நேரம் தெரியவில்லை;
நோன்பு திறக்கும் சங்கு ஊதியது.
பேரீச்சம்பழம் இன்னும் பையில்தான்.
அதற்குள் என் வயிற்றில் ஏதோ
சத்தமாகப் புரண்டது,
களஞ்சியத்துக்கே கேட்டிருக்கும்.
பழம் நாக்கில் படவில்லை, துளி எதுவும் விழவில்லை,
ஊரின் ஒலிபெருக்கிக்கே குடல் பதில் சொல்லிவிட்டது.
இதை எந்த அட்டவணையில் எழுத?

பள்ளிவாசல் கஞ்சி, தூக்குவாளியில்.
அவர் வீட்டுக்கு வாங்கியதில்
எனக்கும் ஒரு தம்ளர் ஊற்றிவைத்துப் போனார்.
ஒரு கண் முள்ளிலேயே வைத்துக் குடித்தேன்.

அப்போதுதான் முடி அறுந்தது.
முள் சரிந்து, தாள் நெடுக நேராக இழுத்தது.
முடிந்தது என்று நேரத்தைக் குறித்தேன்: ஆறு ஐம்பத்திரண்டு.
கிண்ணத்தைக் கழுவ எடுத்துக் குனிந்தால்
மெழுகில் ஒட்டிய முனையில்
அது இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது,
தாளுக்குத் தெரியாமல்.

குறித்ததை அடித்தேன்.
முக்காட்டுக்குள் கைவிட்டு
இன்னொரு முடி தேடுகிறேன்.