கடைசிக் கட்டம்

லா கொலோமாவிலிருந்து ஐந்து மணி நேரம்.
டீசலுக்குக் கணக்கு கேட்பார்கள்,
எலிக்குக் கேட்க மாட்டார்கள்.

தீவு என்பது மரியாதைக்குச் சொல்வது.
ஒரு சுருட்டு எரிந்து முடிவதற்குள்
சுற்றி வந்துவிடலாம்.
உப்புச்சேறு, கண்டல் வேர், கொசு,
சிங்கி இறால்காரர்கள் விட்டுப்போன
அடுப்புக் கற்கள் மூன்று.

அறுபது பொறி வைத்தோம்.
சர்க்கரைவள்ளித் துண்டு, மேலே கடலை விழுது.
முதல் இரவு கருப்பெலி ஒன்பது.
மறு இரவு பதினான்கு.
மூன்றாம் இரவு நான் எண்ணவில்லை.
கப்பலேறி வந்தவை, எங்களைப் போல.
பொறிக்குள்ளும் சாவகாசமாக மீசை துடைக்கின்றன.

நான் தேடும் ஹூத்தியா
ஹவானாவில் ஓர் இழுப்பறையில் இருக்கிறது.
தோல், மண்டையோடு, மங்கிய மசியில் ஒரு தேதி.
வயிற்றில் பஞ்சு.
கண்ணிருந்த இடத்திலும் பஞ்சு.
அது எப்படிக் கத்தும் என்று
எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது.

எவாரிஸ்தோவுக்குத் தெரியும்.
தூண்டில் நரம்பில் சிக்கெடுத்தபடி சொன்னார்:
"கத்தாது. பல்லை நறநறக்கும், அவ்வளவுதான்.
வேர்மேலே கூடு கட்டியிருக்கும்,
துடுப்பால தட்டினா விழும்.
எஞ்சின் மக்கர் பண்ணின வருஷம்
ஆறு நாள் இங்கே கிடந்தோம், அஞ்சு பேர்.
சோறு இருந்தது. தொட்டுக்க இல்லை."

எத்தனை, என்றேன்.
விரல்களை மடக்கினார், பிரித்தார், மறுபடி மடக்கினார்.
"பூண்டு மட்டும் இருந்திருந்தா" என்றார்.

அவர் முகத்தில் குற்றத்தைத் தேடினேன்,
அதுவும் ஒரு பொறிதான்.
விழுந்தது வேறு:
கடைவாயை நாக்கால் ஒருமுறை
துழாவிக்கொண்டார்.
இழுப்பறைக்கு வெளியே
அது மிச்சமிருக்கும் இடம் அந்த வாய்.
படிவத்தில் ருசிக்குக் கட்டம் இல்லை.

கடைசிக் கட்டத்தில் மட்டும்
ஒரு சொல் கேட்கிறார்கள்.
இருக்கிறது என்றோ, இல்லை என்றோ,
அநேகமாக இல்லை என்றோ.
பேனாவை மூடிமூடித் திறந்தேன்.

ஐந்தாம் நாள் விடியலில்
நாற்பத்தொன்றாம் பொறி மூடிக்கிடந்தது.
உள்ளே எலி இல்லை.
கிழங்கும் இல்லை.
கம்பியில் கடலை வாசனை.

எவாரிஸ்தோ குனிந்து பார்த்தார்.
"நண்டு" என்றார்.
எஞ்சின் கயிற்றை இழுக்கப் போனவர்
பாதி வழியில் நின்று, திரும்பாமல்,
"அநேகமா" என்றார்.

டீசல்
கரை சேர மட்டும்தான் இருந்தது.